உழவன் பாட்டும் பிள்ளையின் விரலும்

நாம் பணியாற்றும் பள்ளியின் கூடத்தில் பழைய பியானோ ஒன்று உண்டு. அதன் வெள்ளைக் கட்டைகள் மஞ்சள் பூத்துவிட்டன. மழைக்காலத்தில் இரண்டொரு கட்டைகள், அழுத்தினால் மீண்டும் எழ மறுக்கும். எனினும், சனிக்கிழமைதோறும் பிள்ளைகள் சிலர் அதன் முன் அமர்ந்து பயில்கின்றனர். இலண்டன் மாநகரின் இசை வாரியம் ஒன்று நம் நாட்டில் நடத்தும் தேர்வுக்கு அவர்கள் ஆயத்தமாகின்றனர்.

சென்ற பருவத்தில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, ஒரு பக்கத்தைக்கூட நிரப்பாத சிறிய இசைத்துண்டொன்றைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தாள். மெதுவாக நடக்கும் மெட்டு. இடக்கையில் இரண்டு மூன்று சுரங்கள். பிள்ளையை அழைத்துச் செல்ல வந்திருந்த பெரியவர் ஒருவர் சற்று நேரம் கேட்டார். பிறகு, "என்னம்மா இது, கூலிக்காரர் பாட்டுப் போலிருக்கிறதே! நல்ல இசையாக ஒன்று வாசிக்கலாகாதா?" என்றார். சிறுமி கட்டையிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

நாம் அந்நூலை வாங்கிப் பார்த்தோம். 'குழந்தைகளுக்காக' என்பது அதன் பெயர். ஆக்கியவர் அங்கேரி நாட்டு இசைப் பேரறிஞர் பேலா பார்டோக். அப்படியானால் பெரியவர் கூறியதில் ஒரு பாதி உண்மையே. அது கூலிக்காரர் பாட்டுத்தான். ஏர் பிடித்தவரும் ஆடு மேய்த்தவரும் அவர்தம் மக்களும் பாடிய பாட்டுத்தான். ஆனால், அதற்கு எதிராக 'நல்ல இசை' என்று ஒன்றை நிறுத்தினாரே, அங்கேதான் நம் வழக்குத் தொடங்குகிறது. எவர் பாட்டு ஒரு பிள்ளைக்கு முதற்பாடமாகும் தகுதி உடையது? அத்தகுதியை அளந்து தருவோர் யார்?

பியானோ கற்கத் தொடங்கும் பிள்ளைக்கு ஐரோப்பா நெடுங்காலம் எதைக் கொடுத்து வந்தது என்பதை முதலில் காண்போம். ஒரு புறம் செர்னி போன்றார் எழுதிக் குவித்த விரற்பயிற்சிகள். அவை விரலுக்கு வேலை கொடுத்தன. நெஞ்சைப் பட்டினி போட்டன. மறுபுறம், குழந்தையுள்ளம் அறிந்த பெருங்கலைஞர்கள் இயற்றிய சிறு படைப்புகள். ராபர்ட் ஷூமான் 1848-ஆம் ஆண்டில் இளையோர்க்கென ஒரு தொகுப்பு இயற்றினார். அதன் பத்தாம் துண்டு, வேலை முடித்து வீடு திரும்பும் மகிழ்ச்சியுள்ள உழவனைப் பற்றியது. இனிய துண்டு, இன்றும் உலகெங்கும் பிள்ளைகள் விரும்பி வாசிப்பது. ஆயினும் அவ்வுழவன் வயலில் பிறந்தவனல்லன். ஷூமானின் எழுதுமேசையில் பிறந்தவன். அவனுக்குக் கடனில்லை, களைப்பில்லை, தனக்கென ஒரு பாட்டுமில்லை. ஷூமான் தந்த மெட்டைத்தான் அவன் பாடுகிறான்.

முப்பது ஆண்டு கழித்து, 1878-இல், ரசிய நாட்டுச் சைகோவ்ஸ்கி 24 துண்டுகள் கொண்ட குழந்தைத் தொகுப்பை வெளியிட்டார். அதில் உண்மையான நாட்டுப்புற மெட்டுகளும் இடம்பெற்றன. இது ஒரு படி முன்னேற்றம். ஆனால் அதே தொகுப்பில் குடியானவன் ஒருவன் கைத்துருத்தி வாசிப்பதாக ஒரு துண்டு உண்டு. அவன் ஒரே சுரக்கூட்டைச் சுற்றிச் சுற்றி வருகிறான். முடிக்கத் தெரியாமல் நடுவழியில் நின்றுவிடுகிறான். கேட்போர் புன்னகைக்கின்றனர். மாளிகையின் மாடத்திலிருந்து நோக்குவோர் புன்னகை அது. அன்பு இல்லாமலில்லை, ஆனால் உயரம் இருக்கிறது.

பார்டோக் செய்தது என்ன? மாடத்திலிருந்து இறங்கினார்.

அவர் உழவர் குடியில் பிறந்தவரல்லர். 1881-இல் பிறந்தவர், தந்தை வேளாண்மைப் பள்ளி ஒன்றின் தலைவர், பியானோவில் முதற்பாடம் சொல்லித் தந்த தாயும் ஓர் ஆசிரியை. இளமையில் அவரும் நகரத்து மெட்டுகளையே அங்கேரியின் இசை என்று நம்பியிருந்தார். அவர் மட்டுமா? பிரான்ஸ் லிஸ்ட் போன்ற பெருங்கலைஞரே, நகர விடுதிகளில் ரோமா இசைஞர் வாசித்ததை அந்நாட்டு இசையின் ஊற்று எனக் கொண்டு 1859-இல் ஒரு நூல் எழுதினார். ரோமா இசைஞரின் திறமையில் குறை காண்பாரில்லை. ஆயினும் விடுதியில் ஒலித்தவற்றுள் பல, படித்த கனவான்கள் இயற்றிய மெட்டுகள். நாட்டு மக்களில் மிகப் பெரும்பாலோரான உழவர் என்ன பாடுகின்றனர் என்று செவி கொடுத்தோர் மிகச் சிலரே.

1904-ஆம் ஆண்டுக் கோடையில் வட அங்கேரியின் சிற்றூர் ஒன்றில் பார்டோக் தங்கியிருந்தார். அவ்வூர் இன்று சுலோவாக்கியாவில் உள்ளது. அங்கே திரான்சில்வேனியாவிலிருந்து வந்து குழந்தை பார்க்கும் பணிப்பெண்ணாக இருந்த லிடி டோஷா என்பவள், தன் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தாள். அடுத்த அறையிலிருந்த கலைஞர் அதைக் கேட்டார், கேட்டவாறே குறித்துக்கொண்டார். அவர் பயின்ற கல்லூரி எதிலும் அத்தகைய மெட்டு அவர் செவியில் விழுந்ததில்லை. மறு ஆண்டு சோல்தான் கோடாயின் நட்புக் கிடைத்தது. இருவரும் மெழுகு உருளையில் ஒலி பதிக்கும் பொறியைத் தூக்கிக்கொண்டு ஊரூராக நடந்தனர். கிழவியரைக் கெஞ்சினர், வெட்கப்பட்டோரைத் தேற்றினர், பாட்டுக்காகக் காத்துக் கிடந்தனர். 1907-இல் தலைநகர் புதாபெசுட்டு இசைக் கல்லூரியில் பியானோப் பேராசிரியராக அமர்ந்தவர் பார்டோக். அந்தப் பேராசிரியர் விடுமுறையில் எழுத்தறியாத மூதாட்டியின் முன் மாணவராக அமர்ந்தார்!

அவ்வமர்வின் விளைவே 'குழந்தைகளுக்காக'. 1908, 1909 ஆகிய ஆண்டுகளில் உருவான அந்நூல் முதலில் நான்கு பகுதிகளில் 85 துண்டுகளாக வெளிவந்தது. பிற்காலத்தில் அவரே திருத்திச் சிலவற்றை நீக்க, 79 ஆயிற்று. ஒவ்வொன்றும் நாட்டுப்பாட்டு ஒன்றின் மெட்டு. பிஞ்சு விரல்கள் எட்டுக் கட்டைகளைத் தாண்டி நீளமாட்டா என்பதை உணர்ந்து, அத்தகைய நீட்டல் வாராதவாறு எழுதினார். இப்பரிவு ஒரு புறம் இருக்க, அவர் செய்த பெரிய செயல் வேறு. மெட்டை அவர் சலவை செய்யவில்லை.

இதைச் சற்று விளக்குதல் வேண்டும். திரான்சில்வேனியாவின் சேக்கேய் மக்களிடையே 1907-இல் அவர் கண்டெடுத்த பழம்பாட்டுகள் ஐந்தே சுரங்களில் அமைந்தவை. அச்சுரங்களை நம் முறையில் சொன்னால் ச, க, ம, ப, நி ஆகும். இசை பயின்றோர் சுத்த தன்யாசியின் சுரங்கள் இவை என உடனே உணர்வர். ஐந்து சுரப் பண்ணைத் திறம் எனப் பெயரிட்டு வகுத்தவர் பழந்தமிழர். இதைக் கொண்டு அங்கேரியர் நம்மிடம் கற்றனர் எனப் பெருமை பேசவேண்டா. ஐந்து சுரத்தில் பாடும் மக்கள் உலகின் பல மூலைகளிலும் உளர். அம்மெட்டை நம் செவி எளிதில் அறிந்துகொள்ளும் என்பதே நாம் சொல்ல வந்தது.

மேலைப் பாடநூல்களில் பிள்ளையின் இடக்கைக்கு என்றும் ஒரே தொழில்தான். ஏழாம் சுரம் எட்டாவதை நோக்கித் தவிக்கும். இடக்கை இரண்டு மூன்று சுரக்கூட்டுகளை மாற்றி மாற்றி அழுத்தி அத்தவிப்பைத் தீர்த்து வைக்கும். ஐந்து சுரப் பாட்டில் அத்தவிப்பே இல்லை. எட்டாவதை அரைச்சுர நெருக்கத்தில் நின்று இழுக்கும் சுரம் அதில் கிடையாது. வழக்கமான துணையிசையை அதன் மேல் ஏற்றினால், உழவனுக்கு நீதிமன்ற அங்கி மாட்டியது போலிருக்கும். பார்டோக் அவ்வாறு செய்யவில்லை. ஓரிடத்தில் இடக்கை ஒரே சுரத்தைத் துருத்திபோல் விடாது பிடித்திருக்கும். பிறிதோரிடத்தில் மெட்டு மாறாதிருக்க, அடியில் சுரக்கூட்டு மட்டும் நிறம் மாறும். பாட்டுக்கு ஏற்பத் துணை அமைந்ததேயன்றித் துணைக்கு ஏற்பப் பாட்டு வளைக்கப்படவில்லை.

தாளத்தையும் பாருங்கள். அங்கேரி மொழியில் அழுத்தம் எப்போதும் சொல்லின் முதலசையில் விழும். ஆதலின் அம்மக்கள் பாட்டு, தயங்கி ஓரெட்டு வைத்துப் பின் தொடங்குவதில்லை. முதல் தட்டிலேயே காலூன்றும். செருமானியப் பாட்டின் நடை வேறு. அங்கே சொல்லுக்கு முன் ஒரு சிற்றசை வந்து வழிவிடுவது மிகுதி. மொழியின் நடையே மெட்டின் நடை. ஒரு மக்களின் மொழியறியாத பிள்ளையும், அவர்தம் பாட்டை விரலால் வாசிக்கையில், அம்மொழி எவ்வாறு நடக்கிறது என்பதை அறிகிறது. இதைச் செர்னியின் ஆயிரம் பயிற்சிகளும் கற்பிக்கமாட்டா.

இனி, அந்நூலின் நெஞ்சுரத்துக்கு வருவோம். முதல் இரண்டு பகுதிகள் அங்கேரியர் பாட்டு. அடுத்த இரண்டு சுலோவாக்கியர் பாட்டு. இன்று படிப்போருக்கு இது வெறும் பகுப்பாகத் தோன்றலாம். ஆண்டை நினைவிற் கொள்ளுங்கள். 1907-இல்தான் அங்கேரி அரசு, கல்வியமைச்சர் அப்போன்யியின் பெயரால் அறியப்படும் சட்டத்தைக் கொண்டுவந்தது. அரசின் உதவித்தொகை பெறும் பிறமொழிப் பள்ளிகளில், நான்காம் ஆண்டு முடிவதற்குள் பிள்ளைகள் அங்கேரி மொழியில் பேசவும் எழுதவும் வல்லராகிவிட வேண்டும் என்றது அச்சட்டம். சுலோவாக்கியப் பிள்ளையும் ருமேனியப் பிள்ளையும் தாய்மொழியைப் பள்ளி வாயிலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே நுழைய நேர்ந்த காலம் அது. அடுத்த ஆண்டே ஓர் அங்கேரியப் பேராசிரியர், அங்கேரியப் பிள்ளைகளின் கைக்குச் சுலோவாக்கியப் பாட்டைக் கொடுக்கிறார். இணையாக, இரண்டுக்கு இரண்டாக! ஆளும் மொழியை எளியோர் நாவில் திணிப்பது சட்டம் எனப்பட்ட நாளில், எளியோர் பாட்டை ஆள்வோர் மக்களின் விரலில் வைத்தது இப்பாடநூல்.

இவ்வுள்ளம் அவருக்குப் பிறவியிலேயே வாய்த்ததன்று. 1903-இல் அங்கேரியப் பெருமிதத்தில் ஊறித் திளைத்த இளைஞர் அவர். வீட்டில் செருமன் மொழி பேசிய குடும்பத்தாரை அங்கேரி மொழியே பேசுமாறு வற்புறுத்தியவர். அவரை மாற்றியது மேடைப் பேச்சன்று. பிறமொழியாளரின் குடிசைகளில் உட்கார்ந்து கேட்ட பாட்டு மாற்றியது. தம் மொழியை நேசித்தலும் அயலான் மொழியை மதித்தலும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை அவர் அங்கே கற்றார். அதற்கு விலையும் கொடுத்தார். முதல் உலகப்போருக்குப் பின் நாடு துண்டுபட்டு உள்ளங்கள் கொதித்திருந்த 1920-இல், ருமேனிய நாட்டுப்பாட்டைப் பற்றி அவர் எழுதிய ஆய்வுக்காக நாட்டுப்பற்று இல்லாதவர் எனத் தூற்றினர். அவர் பின்வாங்கவில்லை. 1942-இல், இட்லரின் இனவெறி உலகைச் சுட்டெரித்த நாளில், இசையில் இனத்தூய்மை என்பது பற்றி அமெரிக்க இதழொன்றில் எழுதினார். பாட்டுகள் எல்லை தாண்டிக் கலந்ததாலேயே கிழக்கு ஐரோப்பிய இசை வளமுற்றது. தூய்மை என்று வேலி கட்டினால் வறுமையே மிஞ்சும் என்பது அவர் கண்ட முடிவு. பிறப்பால் தூய்மை பேசுவோர் நிறைந்த எந்த நாட்டிலும் படித்துக் காட்டத்தக்க முடிவு!

'குழந்தைகளுக்காக' நூலில் பாட்டு இரவலாக வந்தது. அடுத்த பெரும்படைப்பாகிய 'மைக்ரோகாஸ்மாஸ்' நூலில் அது இலக்கணமாகவே ஆகிவிடுகிறது. 1926 முதல் 1939 வரை எழுதப்பட்ட 153 துண்டுகள், ஆறு பகுதிகள். முதலிரு பகுதிகளைத் தம் இளைய மகன் பீட்டருக்கு உரிமையாக்கினார். கடைசிப் பகுதிகள் தேர்ந்த கலைஞர் மேடையில் வாசிப்பவை. தொகுத்த மெட்டுகள் இங்கே சிலவே. பெரும்பாலானவை அவரே புனைந்தவை. ஆயினும் அங்கேரி நடை, திரான்சில்வேனிய நடை, ரசிய நடை என்று தலைப்பிட்ட துண்டுகளில் உழவரிடம் கற்ற பேச்சு ஒலிக்கிறது. நான்காம் பகுதியில் பல்கேரியத் தாளத்தில் இரண்டு துண்டுகள் உண்டு. ஒன்று ஏழு எண்ணிக்கை, மற்றொன்று ஐந்து. மிசுரச் சாப்பும் கண்டச் சாப்பும் கேட்டு வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இவை அச்சமூட்டமாட்டா. இரண்டும் நான்கும் மட்டுமே எண்ணிப் பழகிய பிள்ளைக்கோ புதிய உலகம்.

இந்நூலில் நம்மை மிகவும் கவர்ந்தது அதன் தொடக்கம். முதல் ஆறு துண்டுகளில் இரு கைகளும் ஒரே மெட்டையே வாசிக்கின்றன. பின்னர் ஒரு கை சொன்னதை மறு கை சற்றுப் பொறுத்துச் சொல்கிறது. ஒன்று ஏறினால் மற்றது இறங்குகிறது. வலக்கை பாட்டுக்காரன், இடக்கை சுமைக்காரன் என்ற பழைய ஏற்பாடு இங்கில்லை. தொடக்கநிலைப் பாடநூல் ஒன்று முதற்பக்கத்திலேயே இரு கைகளையும் சமமாக அமர்த்துகிறது.

இவ்வளவும் போற்றினோம். குறையில்லையா? உண்டு, அதை மறைப்பது திறனாய்வன்று. பியானோவின் கட்டைகள் நிலையானவை. உழவர் குரலின் வழுக்கலும் அசைவும் அக்கட்டைகளுக்கு இடையே நழுவிவிடுகின்றன. இது கருவியின் குறை, பொறுக்கலாம். பொறுக்கலாகாதது வேறொன்று. நம் மாணவியின் கையிலிருந்த படியில் பாட்டின் சொற்கள் இல்லை, பாடியவர் பெயரில்லை, ஊரில்லை. அவள் வாசித்த மூன்றாம் துண்டின் தலைப்பிலும் 'ஏறத்தாழ மெதுவாக' எனப் பொருள்படும் இத்தாலியச் சொற்கள் மட்டுமே இருந்தன. தம் ஆய்வு நூல்களில் பாடியவர் பெயரையும் ஊரையும் ஆண்டையும் தவறாது குறித்தவர் பார்டோக். அந்நேர்மை பிள்ளைகளின் ஏட்டுக்கு வந்து சேராமற் போயிற்று. மெட்டு மேடையேற, பாடியவள் வாயிலிலேயே நின்றுவிட்டாள். பாட்டை ஏற்று, பாடியவளை மறந்தால், அதுவும் ஒருவகைச் சுரண்டலே அன்றோ?

இக்குறையை நீக்கும் வழியையும் பார்டோக்கே சுட்டியிருக்கிறார். கருவிப் பயிற்சி எதுவும் பாடுவதில் தொடங்க வேண்டும் என்பது 'மைக்ரோகாஸ்மாஸ்' முன்னுரையில் அவர் கூறும் கருத்து. அந்நூலின் சில துண்டுகளில் வாசிப்பவரே பாடுவதற்கும் ஒரு வரி எழுதிச் சேர்த்தார். அவர் தோழர் கோடாயும் பாட்டையே இசைக்கல்வியின் அடித்தளமாக்கினார். 1945-இல் கோடாய் எழுதிய 24 சிறு துண்டுகள் பியானோவின் கறுப்புக் கட்டைகளுக்கே உரியவை. அக்கட்டைகளை மட்டும் தொட்டால் ஐந்து சுரமே ஒலிக்கும். தவறான சுரத்தைத் தொடவே பிள்ளைக்கு வழியில்லை!

ஏட்டில் விடுபட்டதை ஆசிரியர் இட்டு நிரப்பலாம். நாம் அவ்வாறே செய்தோம். இணையை இழந்துவிட்டதாகச் சொல்லும் விளையாட்டுப் பாட்டின் மெட்டு அது என்பதை மாணவிக்குச் சொன்னோம். லிடி டோஷா என்னும் பணிப்பெண்ணைப் பற்றியும், கிழவியின் முன் அமர்ந்த பேராசிரியரைப் பற்றியும் சொன்னோம். அவள் ஒன்றும் பேசவில்லை. மறு சனிக்கிழமை, வாசிப்பதற்கு முன் மெட்டை வாய்க்குள் ஒருமுறை பாடிப் பார்த்துக்கொண்டாள். அதன்பின் விரல் வைத்தாள். மெட்டின் அடிகள் எங்கே மூச்சு வாங்குகின்றன என்பதை அன்று விரல் அறிந்திருந்தது.

பெரியவரும் அன்று வந்திருந்தார். "அதே பாட்டுத்தானா?" என்று கேட்டார். "ஆமாம் தாத்தா, கூலிக்காரர் பாட்டுத்தான்" என்றாள் சிறுமி. அவள் குரலில் அப்போது நாணம் இல்லை. அவர் அமர்ந்து இறுதிவரை கேட்டார்.

நடவு வயலிலும் ஏற்றத்தடியிலும் நம் மக்கள் பாடியவை எத்தனை! அவற்றின் முன் மாணவராய் அமர்ந்து, சலவை செய்யாது, பாடியவர் பெயரையும் மறைக்காது, நம் பிள்ளைகளின் முதற்பாடமாக்க எத்தனை பேராசிரியர்கள் மாடத்திலிருந்து இறங்குவர்? விடையை எதிர்நோக்கி அந்தப் பழைய பியானோ கூடத்தில் காத்திருக்கிறது.